அடிக்காதம்மா, வை!

இந்த இதழுக்கு பிக்கிள்பால் பத்தி எழுதுறேன்னு சொன்னதும் எடிட்டோரியல் குரூப்ல வந்த முதல் ரிப்ளை: "ஊறுகாய் கம்பெனி ஸ்பான்சர் பண்ணுதா?"

இல்லை மக்களே. இதுக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தம் கிடையாது. பேர் எப்படி வந்ததுன்னு ரெண்டு கதை சொல்றாங்க. படகுப் போட்டியில் மற்ற படகுகளில் இடம் கிடைக்காதவர்களைச் சேர்த்து ஓட்டுற படகுக்கு 'பிக்கிள் போட்' என்று பேர், அதிலிருந்து வந்தது என்பது ஒரு கதை. பிக்கிள்ஸ் என்ற நாயின் பேர்தான் இது என்பது இன்னொரு கதை. விளையாட்டை உருவாக்கின குடும்பங்களுக்குள்ளேயே இதில் ஒத்துப்போகவில்லை. நாம ஏன் நடுவுல போகணும்?

நான் எழுத வந்தது வேற விஷயம். ஒரு விளையாட்டை விளையாடிக்கொண்டே இருப்பது வேற, அதில் முன்னேறுவது வேற. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை ஒன்பது மாசமா, வாரத்துக்கு மூணு நாள், காலை ஆறு மணிக்கு நடந்து பார்த்திருக்கேன். காலேஜை விட்டுப் போறதுக்கு முன்னாடி அதை எழுதி வச்சுட்டுப் போகணும்னு தோணுச்சு.

கோர்ட் நம்ம கிட்டயே இருக்கு

முதலில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமா. 1965-ல் அமெரிக்காவில், சியாட்டில் பக்கத்தில் இருக்கிற பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்று மூணு பேர். வீட்டில் பேட்மிண்டன் கோர்ட் இருந்தது, ஆனால் விளையாடத் தேவையான சாமான் முழுசா இல்லை. டேபிள் டென்னிஸ் பேட்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வச்சு ஆரம்பிச்சாங்க. அதனால்தான் இன்னைக்கும் பிக்கிள்பால் கோர்ட்டின் அளவு பேட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது இந்த விளையாட்டுக்கான இடம் நம்ம எல்லா காலேஜ்லயும் ஏற்கனவே இருக்கு.

மாற்ற வேண்டியது ரெண்டே விஷயம். நெட் ஓரத்தில் 36 இன்ச், நடுவில் 34 இன்ச் உயரம் இருக்கணும். அப்புறம், நெட்டிலிருந்து ரெண்டு பக்கமும் 7 அடியில் ஒரு கோடு. பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கும். அதுக்கு அரை அடி பின்னால் டேப் ஒட்டினால் போதும். இந்த 7 அடி இடத்துக்குப் பேர் கிச்சன். கிச்சனுக்குள் நின்றுகொண்டு பந்தை நேராகக் காற்றிலேயே அடிக்கக் கூடாது. ஒரு தடவை தரையில் குத்தி எழும்பின பந்தைத்தான் உள்ளே போய் எடுக்கலாம். இந்த ஒரு ரூல்தான் மொத்த விளையாட்டையும் மாற்றுது. ஓங்கி அடிக்கிறவங்க எல்லாம் நெட் ஓரத்துக்கு வந்து நின்னு மட்டையடி அடிக்க முடியாது. உயரமா இருக்கிறவங்க, பலசாலிகள், சின்ன வயசுக்காரங்கதான் ஜெயிக்கணும்ங்கிற கட்டாயம் இங்கே இல்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற ஆட்டம்

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வரை தெருவில் ஷட்டில் விளையாடினேன். நெட் கிடையாது; எதிர் வீட்டு கேட்டுக்கும் எங்க வீட்டு கேட்டுக்கும் நடுவில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. அந்த வருஷக் கோடை விடுமுறையில் "இனிமே தெருவுல வேண்டாம்டி, பெரிய பொண்ணாயிட்டே" என்று அம்மா சொன்னாங்க. கோபமா எல்லாம் சொல்லலை. பால் வாங்கிட்டு வான்னு சொல்ற அதே குரல்தான். பேட் ரெண்டும் பரணுக்குப் போச்சு. அதுக்கப்புறம் ஸ்கூலில் பி.டி. பீரியட் இருந்தது டைம்டேபிளில் மட்டும்தான். பத்தாவதிலிருந்து அந்த பீரியட் மேத்ஸுக்கு, ப்ளஸ் டூவில் நேரா கெமிஸ்ட்ரிக்கு. இதைப் படிக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தும். பையன்களிலும் சிலருக்கு.

அதனால் மூணாம் வருஷம் ஜனவரியில் ரூம்மேட் "சண்டே கோர்ட் புக் பண்றோம், நாலு பேர் வேணும், வர்றியா?" என்று கேட்டபோது, பல வருஷம் கழிச்சு ஓடினேன். ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய், ஆளுக்கு 150. முதல் நாளே ஜாலியா இருந்தது. பிக்கிள்பாலின் பெரிய வசதி அது. பேடில் கனமா இருக்காது, பந்து சட்டென்று வேகம் குறைஞ்சு வரும், சர்வீஸ் இடுப்புக்குக் கீழேயிருந்து போடணும். பத்து நிமிஷத்தில் யாரும் ரேலி ஆடலாம்.

பெரிய சிக்கலும் அதேதான். பத்து நிமிஷத்தில் வர வேண்டியது வந்துடும். அப்புறம் எதுவும் வராது. ஜனவரியிலிருந்து மே வரை நாங்க நாலு பேரும் ஒவ்வொரு ஞாயிறும் ஆடினோம். ஜனவரியில் யார் யாரை எந்த ஸ்கோரில் ஜெயிச்சாங்களோ, மே மாசமும் கிட்டத்தட்ட அதே ஸ்கோர்.

எரர் தெரியும், காரணம் தெரியாது

இது ஏன் என்று புரிய ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துக்குவோம். பேர் தேர்ட் ஷாட் டிராப்.

சர்வீஸ் முதல் ஷாட். எதிராளி திருப்பி அனுப்புறது ரெண்டாவது. ரூல்படி இந்த ரெண்டு பந்தும் தரையில் குத்தின பிறகுதான் எடுக்கணும். இதனால் என்ன ஆகும்? சர்வ் பண்ணின டீம் பின்கோட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். எதிர் டீம் ரிட்டர்ன் அடிச்சுட்டு ஜாலியா நடந்து கிச்சன் கோட்டுக்கு வந்து நிற்கும். முன்னால் நிற்கிறவங்களுக்குத்தான் ஆட்டம். இப்போ மூணாவது ஷாட்டை நீங்க வேகமா அடிச்சா, அவங்க பேடிலை நீட்டினாலே போதும், பந்து உங்க காலடிக்குத் திரும்பி வரும். அதுக்குப் பதிலா பின்கோட்டிலிருந்து மெதுவா ஒரு பந்து, 22 அடி தாண்டி நெட்டைக் கடந்து, எதிர்ப்பக்க 7 அடி கிச்சனுக்குள் விழணும். அப்படி விழுந்தால் அவங்க கீழிருந்து மேலே தூக்கித்தான் எடுக்கணும், ஓங்கி அடிக்க முடியாது. அந்த இடைவெளியில் நீங்க முன்னால் போயிடலாம். மொத்த ஆட்டத்துக்கும் சாவி இந்த ஒரு ஷாட்.

ஒரு டபுள்ஸ் கேமில் இந்த ஷாட் என் கைக்கு எத்தனை தடவை வரும்? எண்ணிப் பார்த்தேன். பத்து வந்தாலே அதிகம். அந்தப் பத்திலும் ஸ்கோர் 9-9 என்று இருக்கும்போது யாருக்கு டிராப் போட தைரியம் வரும்? கைக்குப் பழகின வேகமான அடியைத்தான் அடிப்போம். ஆக, கேம் ஆடும்போது தெரிஞ்சதைத்தான் திரும்பத் திரும்பச் செய்றோம். தெரியாததைத் தொடுறதே இல்லை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இன்னொரு மாதிரி சொல்றேன், நான் டிரிபிள் ஈ, வேற வழியில்லை. கேமில் ஃபீட்பேக் இல்லாமல் இல்லை. பந்து நெட்டில் மோதினால் தப்புன்னு தெரியும். ஆனால் அது அவுட்புட் எரர் மட்டும்தான். மணிக்கட்டு திரும்பினதாலா, முட்டி மடங்காததாலா, பந்தை உடம்புக்குப் பின்னால் எடுத்ததாலா, எதனால் போச்சுன்னு அந்த நெட் சொல்லாது. அதைச் சொல்ல வெளியே ஒரு சென்சார் வேணும்.

மாஸ்டர்

எங்களுக்குக் கிடைச்ச சென்சாருக்கு வயசு ஐம்பத்தி நாலு. தஞ்சாவூர் பக்கத்துக்காரர். பந்து பூப்பந்தாட்டம், அதாவது பால் பேட்மிண்டன், ஆடி வளர்ந்தவர். மஞ்சள் கம்பளி நூல் பந்து, ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர், மண் தரை, காற்று. நம்ம தாத்தா, மாமா தலைமுறைக்கு அது பெரிய விஷயம். தஞ்சாவூரிலேயே பிறந்த ஆட்டம்னு சொல்வாங்க. இன்னைக்கு நம்ம காலேஜில் அதுக்கு ஒரு கோர்ட் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி, துணி காயப் போடுற ரெண்டு கம்பம் இருக்கே, அதுதான்.

மாஸ்டர் இப்போ ரெண்டு மூணு இடத்தில் பிக்கிள்பால் சொல்லித்தர்றார். "அந்த ஆட்டத்துக்கு வாழ்க்கையையே கொடுத்தேன். இந்த ஆட்டம் வீட்டு வாடகை கொடுக்குது" என்று ஒருநாள் சொன்னார். வருத்தமா சொன்னாரா சந்தோஷமா சொன்னாரா என்று இன்னைக்கு வரை எனக்குத் தெரியலை.

ஜூலையில் பி.டி. சாரிடம் கெஞ்சி இன்டோர் கோர்ட்டைக் காலை ஆறிலிருந்து ஏழேகாலுக்கு வாங்கினோம். எட்டு பேர் சேர்ந்தோம். மாசம் ஆளுக்கு 1500 ரூபாய். பேட்மிண்டன் நெட்டையே கீழே இறக்கிக் கட்டினோம். முதல் நாள் போனதும் நான் கேட்டேன், "மாஸ்டர், கேம் ஆடலாமா?"

"கேமா? அது ஞாயித்துக்கிழமை ஆடிக்கங்க. என்கிட்ட வந்து காசு கொடுத்து ஏன் ஆடணும்?"

கிச்சன் கோட்டில் ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரே நிற்க வச்சார். பந்து நெட்டைத் தாண்டி எதிர் கிச்சனில் விழணும், அவ்வளவுதான். இதுக்குப் பேர் டிங்க். நான் தட்டின முதல் பந்து எதிரில் நின்றவளின் தோளுக்குப் போச்சு. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்னார்.

"அடிக்காதம்மா. வை."

அந்த 'வை'தான் இந்த ஒன்பது மாசத்தின் சுருக்கம். இலையில் கூட்டு வைக்கிற மாதிரி, குழந்தையைத் தொட்டிலில் வைக்கிற மாதிரி, பந்தை அங்கே வை. யூடியூப்பில் இதே ஷாட்டுக்கு இருபது வீடியோ பார்த்திருந்தேன். கிரிப் பிரஷர், பேடில் ஃபேஸ் ஆங்கிள், லோ டு ஹை என்று எல்லா வார்த்தையும் மனப்பாடம். இங்கிலீஷ் மீடியத்தில் பதினாலு வருஷம் படிச்ச மூளைக்கு அதெல்லாம் ஈஸியா ஏறிடும். ஆனால் அது கைக்கு இறங்கலை. 'வை' என்று காதில் விழுந்ததும் விரல்கள் தானா தளர்ந்தது. நம்ம கை எந்த மொழியில் கேட்குமோ அந்த மொழியில் சொல்ல ஒரு ஆள் வேணும் போல.

ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்

மாஸ்டர் எங்க எல்லாத் தப்பையும் பார்ப்பார். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் சொல்வார். ஒருநாள் முழுக்க "மணிக்கட்டைப் பூட்டு." இன்னொரு நாள் முழுக்க "முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே." அடுத்த வாரம் "பந்து உன் பக்கத்திலேயே உச்சிக்குப் போகணும், நெட்டைத் தாண்டும்போது இறங்கிட்டு இருக்கணும்." எனக்கு முதலில் பொறுமை இல்லை. எல்லாத்தையும் ஒரே நாளில் சொன்னால் என்ன? ஒருநாள் கேட்டும் விட்டேன். "சொன்னா எதைம்மா செய்வே?" என்றார். கெயின் அதிகமானால் சிஸ்டம் ஆசிலேட் ஆகும் என்று நாலாவது செமஸ்டரில் பதினாறு மார்க் கேள்விக்கு எழுதினது ஞாபகம் வந்தது.

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூணு நாள் ஏன் முக்கியம் என்று மூணாவது வாரத்தில் புரிஞ்சது. சனிக்கிழமை சரியா வந்த டிராப், செவ்வாய்க்கிழமை முதல் பத்து நிமிஷம் சுத்தமா வராது. பிறகு திரும்பி வரும். அப்படி வரும்போது சனிக்கிழமையை விடக் கொஞ்சம் சுலபமா வரும். மறந்து, தேடி, திரும்பப் பிடிக்கிறதுலதான் அது ஒட்டுது. நம்ம செமஸ்டர் படிப்புக்கு இது நேர் எதிர். முதல் நாள் ராத்திரி விடிய விடிய படிச்சு யூனிட் அஞ்சையும் முடிக்கலாம். மறுநாள் மதியம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் போயிடும். மூளையை அப்படி ஏமாத்தலாம். முட்டியை ஏமாத்த முடியாது. ஞாயிறு ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஆடினால் மறுநாள் முழங்கை வலிதான் மிச்சம்.

ஒரு சின்ன நோட்டு வச்சேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் 50 டிராப் போட்டு எத்தனை கிச்சனில் விழுந்ததுன்னு எழுதுவேன். ஜூலை முதல் வாரம் 8. ஆகஸ்ட் கடைசியில் 19. செப்டம்பரில் 19, 17, 20, 18. ஒரு மாசம் முழுக்க அங்கேயே நின்னுடுச்சு.

அதே செப்டம்பரில்தான் பிளேஸ்மென்ட். மூணு கம்பெனியில் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பினேன். மெயிலில் வருவது 'வி ரிக்ரெட்' மட்டும். கோடிங்கில் போச்சா, எச்.ஆர். ரவுண்டில் போச்சா, என் முகத்தில் போச்சா? எதுவும் சொல்ல மாட்டாங்க. எரர் மட்டும் வரும், காரணம் வராது. அந்த மாசம் என்னைச் சுற்றி எனக்குக் காரணத்தோடு பதில் சொன்ன ஒரே மனிதர் மாஸ்டர்தான். "இன்னிக்கு பந்தை லேட்டா எடுக்கறே. தூக்கமில்லையா?" அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகவே ஆறு மணிக்கு எழுந்து போனேன். அக்டோபரில் வேலை கிடைச்சது. பிக்கிள்பாலால் கிடைச்சதுன்னு கதை விட மாட்டேன். எழுந்து போறதுக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை.

கலைச்சுப் போட்டா ஏன் நல்லா வருது

அக்டோபரில் மாஸ்டர் பயிற்சியை மாற்றினார். ஐம்பது டிராப் வரிசையா கிடையாது. ஒரு டிராப், ஒரு டிரைவ், ஒரு டிங்க், ஒரு வாலி, எது வரும்னு சொல்லாமல் கலந்து போட்டார். நோட்டில் எண்ணிக்கை 20-லிருந்து 13-க்கு விழுந்தது. எட்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டோம். "மாஸ்டர், பழைய மாதிரியே பண்ணலாமே, அதுல நல்லா வந்துச்சு."

"வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

அன்னைக்கு ஹாஸ்டலுக்கு வந்து தேடினேன். 1986-ல் குட், மேகில் என்று ரெண்டு பேர் பேட்மிண்டன் சர்வீஸ் வச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க. மூணு வகை சர்வீஸ். ஒரு குழு ஒரு வகையைத் தொடர்ந்து பழகியது. இன்னொரு குழு மூணையும் கலைச்சுப் போட்டுப் பழகியது. பிறகு டெஸ்ட் வச்சபோது கலைச்சுப் பழகினவங்கதான் நல்லா செய்தாங்க. பழகாத பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் அவங்கதான். ஒரே ஷாட்டைத் தொடர்ந்து போடும்போது முந்தின பந்தின் நினைப்பிலேயே கை ஓடிடுது. கலைச்சுப் போட்டால் ஒவ்வொரு பந்துக்கும் மூளை புதுசா முடிவெடுக்கணும். மேட்ச்சில் நடப்பது அதுதானே? இந்த ஆய்வு பற்றி மாஸ்டரிடம் சொன்னேன். "நல்லது. பந்தை எடு" என்றார்.

நவம்பர் கடைசியில் கலந்து போடும்போதே 24 வந்தது. இன்னொரு மாற்றமும் அப்போதான். "அவங்க அடிக்கும்போது நீ நில்லு." எதிராளியின் பேடில் பந்தைத் தொடுற அந்த நொடியில் ஓடிட்டு இருக்கக் கூடாது, ரெண்டு காலையும் ஊன்றி நிற்கணும், அப்போதான் எந்தப் பக்கமும் போக முடியும். பின்கோட்டிலிருந்து கிச்சனுக்கு ஒரே ஓட்டமா ஓடுறதை விட்டு, ரெண்டு எட்டு, நில், ரெண்டு எட்டு, நில் என்று போக ஆரம்பிச்சோம். காலடியில் விழுந்து செத்துப்போன பந்துகளில் பாதி அப்புறம் உயிரோடு திரும்பிப் போச்சு.

அம்மாவின் வளையம்

அம்மாவுக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கலை. "ஃபைனல் இயர்ல எதுக்குடி 1500 ரூபாய்?" பணத்தை நான் இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் கட்டினேன். "அந்த மூணு நாள்லயும் போறியா?" போறேன். வலி அதிகமான நாளில் "மாஸ்டர், இன்னிக்கு லைட்டா" என்று மட்டும் மெசேஜ் போடுவேன். அவர் ஏன்னு கேட்டதில்லை. "சரிம்மா, நீ கிச்சன் கோட்டுல மட்டும் நில்லு" என்பார். அதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை.

பிப்ரவரியில் பக்கத்து ஏரியாவில் ஒரு கிளப் ஓபன் போட்டி நடத்தியது. நானும் ரூம்மேட்டும் பெண்கள் டபுள்ஸ். அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, ஹேண்ட்பேக்கை மடியில் வச்சுக்கிட்டு, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. முதல் மேட்ச் 11-7 ஜெயிச்சோம். ரெண்டாவதில் 9-10 என்று எதிர் டீம் கேம் பாயின்டில் இருந்தது, சர்வ் எங்களிடம். மூணாவது ஷாட் என் கைக்கு வந்தது. வச்சேன். கிச்சனில் விழுந்தது. ரெண்டு எட்டு, நில். பத்துப் பதினஞ்சு டிங்க் போயிருக்கும். கடைசியில் ஒரு பந்து நெட்டின் நாடாவில் பட்டு எங்க பக்கமே விழுந்தது. அடுத்த அவங்க சர்வில் 9-11. போச்சு. ஆனால் 9-10-ல் கை நடுங்காமல் அந்த டிராப் போட்டேனே, அது எட்டு மாசத்துச் சம்பளம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "நாங்க டென்னிக்காய்ட்ல வளையத்தை இப்படித்தான் நெட்டுக்குப் பக்கத்துல போடுவோம். எதிர்ல இருக்கிறவ ஓடி வர்றதுக்குள்ள விழுந்துடும்."

"நீ டென்னிக்காய்ட் ஆடுவியா?"

"ஸ்கூல் டீம். டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போயிருக்கேன். ப்ளஸ் டூவோட நிறுத்திட்டாங்க."

இருபத்தோரு வருஷமா ஒரே வீட்டில் இருந்திருக்கோம். பரணில் என் ரெண்டு பேட் போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்கும் போல. யார் நிறுத்தினாங்க என்று நான் கேட்கலை. அவங்களும் சொல்லலை. இறங்கும்போது மட்டும் கேட்டாங்க: "அந்த மாஸ்டர் பெரியவங்களுக்கும் சொல்லித்தருவாரா?"

ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு

ஒரே ஷாட்டை எடுங்க, ஒரு மாசம் அதோடு இருங்க. டிங்க்கில் ஆரம்பிச்சா மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். எண்ணி எழுதுங்க; நல்லா ஆடின மாதிரி இருந்துச்சு என்ற உணர்வை நம்பாதீங்க. கோச் வைக்க முடியலைன்னா போனைத் தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வச்சு வீடியோ எடுங்க. உங்க மணிக்கட்டு என்ன பண்ணுதுன்னு நீங்களே பார்த்து அதிர்ச்சியாவீங்க. ஆள் இல்லாத நாளில் சுவர் போதும். சுவரில் 34 இன்ச்சில் ஒரு சாக்பீஸ் கோடு, ஏழடி தள்ளி நின்னு கோட்டுக்குச் சற்று மேலே தட்டிட்டே இருங்க.

பேடிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணாதீங்க. காசு இருந்தா ஷூவுக்குப் போடுங்க. ஓடுறதுக்கான ஷூ பக்கவாட்டில் வழுக்கும், கணுக்கால் திரும்பும். பேட்மிண்டனுக்குப் போடுற ஷூ சரியா இருக்கும். தலைக்கு மேலே போற பந்துக்குப் பின்பக்கமா ஓடாதீங்க, திரும்பி ஓடுங்க. இந்த ஆட்டத்தில் மோசமா விழுறவங்க பலர் அப்படித்தான் விழுறாங்க. நெட் ஓரத்தில் பந்து முகத்துக்கு வேகமா வரும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டா நல்லது.

இன்ஜினியரிங் படிச்சுட்டு இதுல எல்லாம் எங்கே நேரம் என்று கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல்: பல வருஷம் உலகின் முதல் இடத்தில் இருந்த பென் ஜான்ஸ், மேரிலாண்ட் யுனிவர்சிட்டியில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிச்சவர். நாம அவர் ஆகப் போறதில்லை. வாரத்துக்கு மூணேமுக்கால் மணி நேரம் நம்மகிட்டயும் இருக்கு, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

நான் ஜூலையில் வேலைக்குச் சேர்றேன். ஆபீஸ் இருக்கிற ஏரியாவில் கோர்ட் இருக்கான்னுதான் ரூம் தேடுறதுக்கு முன்னாடி தேடினேன், இருக்கு. எங்க எட்டு பேரில் அஞ்சு பேர் ஃபைனல் இயர். அடுத்த வருஷம் அஞ்சு இடம் காலியாகுது. ஆள் குறைஞ்சா மாஸ்டருக்கு வர்றது கட்டுப்படியாகாது, இன்டோர் கோர்ட்டின் அந்தக் காலை நேரமும் கைவிட்டுப் போயிடும். அதனால இது ஒரு அறிவிப்பும்கூட.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணி. பேடில் நாலு அங்கேயே விட்டுட்டுப் போறோம். ஷூ மட்டும் கொண்டு வாங்க. முதல் நாளே கேம் ஆடலாமான்னு மட்டும் மாஸ்டர்கிட்ட கேட்காதீங்க.